நாலு மூட்டை மணல்

எங்கள் ஊர்ப் பந்தயத்தில் ஓடிய குதிரைகளில் ஒன்றுக்காவது ஒழுங்கான நாலு கால் இருந்ததா என்று கேட்டால், கிடையாது. இருந்தால் அதைச் சேர்க்கவே மாட்டார்கள். கிழட்டுக் குதிரைகளுக்கென்றே வைத்த பந்தயம் அது. வாயைத் திறந்து பார்த்தால் பல்லில் குழி தேய்ந்து மழமழவென்று இருக்க வேண்டும். பல்லில் வயசு தெரிகிற குதிரை வந்தால், "போய்ட்டு பத்து வருஷம் கழிச்சு வாப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவோம். காணும் பொங்கல் அன்று ஆற்றங்கரைச் சாலையில், மதகிலிருந்து ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி வர வேண்டும். ஜட்காவில் பூட்டித்தான் ஓட்டம். ஜெயித்த குதிரையின் கழுத்தில் வெண்கலச் சலங்கைப் பட்டை ஒன்றைக் கட்டுவார்கள். அடுத்த பொங்கல் வரை அது அந்தக் குதிரைக்குச் சொந்தம். சலங்கை கட்டிய வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றால் மற்ற வண்டிகளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குதிரைகள் எல்லாம் ஒரு காலத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் ஓடினவை. கால் போனதும் அங்கே வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பந்தயத்தையே ஒழித்துக் கட்டப் போகிறோம் என்று அரசாங்கம் பேசத் தொடங்கிய பிறகு இன்னும் மலிந்துபோயின. அப்படி மலிந்தவை எங்கள் பக்கத்துக்கு வந்து கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்தன. அதற்கும் லாயக்கில்லை என்றால் ஜட்கா இழுத்தன.

நான் அப்போது, மன்னார்குடிக்குத் தெற்கே இருந்த அந்த ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வயசு இருபத்தாறு. கோபம் மட்டும் அறுபது வயசுக்காரனுடையது. டாக்டருக்கு மூன்று ஊர் ஆஸ்பத்திரி. வாரத்தில் ஒரு நாள்தான் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நான்தான் டாக்டர். பந்தயத்துக்குக் கால் பார்க்கிற வேலையும் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

கிழடு என்றால் எல்லாம் ஒரே மாதிரி கிழடு இல்லையே. ஒன்றுக்குக் கணுவில் வீக்கம், ஒன்றுக்கு மூச்சு வாங்கும், ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது. அப்படியே ஓட விட்டால் கொஞ்சம் நல்ல குதிரை வைத்திருக்கிறவன்தான் வருஷா வருஷம் ஜெயிப்பான். அதற்காக மணல் மூட்டை. ஆற்று மணலைச் சாக்கில் கட்டி, கால் நன்றாக உள்ள குதிரையின் வண்டியில் நாலு மூட்டை ஏற்றுவோம். சுமாரானதுக்கு மூன்று, அதற்கும் கீழே என்றால் இரண்டு. ரொம்ப நொண்டுவதற்கு ஒன்றே ஒன்று. எதற்கு எத்தனை மூட்டை என்று பார்த்து, வண்டியின் பின்பலகையில் சுண்ணாம்பால் அத்தனை கோடு போடுவது என் வேலை. போட்டால் போட்டதுதான். பிரம்மா எழுதியதைக்கூட மாற்றலாம், கம்பவுண்டர் கோட்டை மாற்ற முடியாது என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

கால் பார்க்கிற அன்றைக்கு நடக்கிற கூத்தைப் பார்க்கவே கூட்டம் கூடும். வருஷம் முழுக்க "நம்ம குதிரை காத்தாப் பறக்கும், ஏறுங்க" என்று கூவுகிறவன் அன்றைக்கு மட்டும், "எங்க சார், எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்று மூக்கைச் சிந்துவான். வருகிற குதிரையெல்லாம் நொண்டிக்கொண்டே வரும். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் கூழாங்கல்லைச் செருகியிருப்பார்கள். எருக்கம்பாலைத் தடவி முட்டியை வீங்க வைத்திருப்பார்கள். வால் மயிரை முறுக்கி, கணுவுக்கு மேலே ரோமத்துக்குள் ஒளித்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். எனக்கு எல்லாம் அத்துப்படி. ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூட்டத்தின் நடுவில் தூக்கிக் காட்டி, "இதென்னய்யா இது, அரைஞாண் கயிறா?" என்று கேட்பேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கட்டியவனும் வெட்கப்படாமல் சேர்ந்து சிரிப்பான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜட்கா ஓட்ட வருஷத்துக்கு ஒரு முறை பஞ்சாயத்து ஆபீசில் லைசென்ஸ் வாங்க வேண்டும். பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டால்தான் சவாரி ஏற்றலாம். குதிரை முடமில்லை என்று எங்கள் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால்தான் வில்லை கிடைக்கும். அந்தச் சோதனை பொங்கல் கழிந்து பத்து நாளில் வரும். அதற்கான அச்சுப் பாரத்தை நிரப்புவது நான், கையெழுத்து டாக்டருடையது. பொங்கலுக்கு முன்னால் நொண்டிய அத்தனை குதிரைக்கும் பத்தே நாளில் கால் சரியாகிவிடும். நானும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பேன். நொண்டியது பொய் என்றுதான் எனக்குத் தெரியுமே.

நான் சொல்ல வந்தது ஒரு வண்டிக்காரரைப் பற்றி. தெற்குத் தெருக்காரர், நாற்பது வயசு இருக்கும். அவருடைய தாத்தாவும் அப்பாவும் எங்கள் ஊர் மிராசுதாருடைய பண்ணையாட்கள். இவரும் அந்தப் பண்ணையில் ஏர் ஓட்டியவர்தான். ஒரு நாள் மாடு வரப்பு மாறிப் போய்விட்டது என்று பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் இவரைக் களத்தில் நிற்க வைத்துக் கேட்ட கேள்வியில், ஏரை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டார். ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். மனைவியின் தோட்டை விற்று, பட்டுக்கோட்டையில் கல்யாணத்துக்குக் குதிரை விடுகிறவரிடம் ஒரு செவலைக் குதிரையை வாங்கினார். உயரமான, ஒல்லியான, வயசான பெண் குதிரை. தோளில் பழைய சூட்டுக்குறி. ரயில் கூவினால் மட்டும் காதை விறைத்துக்கொண்டு நிற்கும். பழைய பந்தய நினைப்பு போலிருக்கிறது.

தெற்குத் தெருவில் சொந்தமாக வண்டி வைத்த முதல் ஆள் அவர்தான். வில்லை குத்திய காக்கிச் சட்டையை வண்டி ஓட்டாத நேரத்திலும் போட்டுக்கொண்டிருப்பார். மிராசுதாரைப் பார்த்தால் கும்பிடுவார். ஆனால் அப்பா கூப்பிட்ட மாதிரி "ஆண்டே" என்று கூப்பிட மாட்டார். "ஐயா" என்பார். மிராசுதாருக்கு அது உறுத்தியது. டீக்கடை வாசலில் எல்லார் காதிலும் விழும்படி ஒரு தடவை சொன்னார்: "குதிரை எத்தனை நாளைக்கு ஓடும்? அது படுத்துச்சுன்னா நம்ம களத்துக்குத்தானே வரணும்." வண்டிக்காரர் பக்கத்தில்தான் நின்றார். டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடையில் அவர் தன் கிளாசைத் தானே கழுவித்தான் வைக்க வேண்டும். நானும் அந்தக் கடையில்தான் குடித்தேன். எனக்கு அது அன்றைக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த வருஷம் ஊர் இரண்டாகக் கிடந்தது. சம்பா அறுப்புக்கு எத்தனை மரக்கால் கூலி என்பதில் மிராசுதார்களுக்கும் செங்கொடிக்காரர்களுக்கும் இழுபறி. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுப்போம் என்றார்கள் அவர்கள். வரப்பில் காலை வைத்துப் பார் என்றார்கள் இவர்கள். தாலுகா ஆபீசில் பேச்சு வார்த்தைக்குப் போவார்கள், டீயைக் குடித்துவிட்டு முறைத்துக்கொண்டே திரும்பி வருவார்கள். பந்தயம் நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. கடைசியில் கரை வேட்டி கட்டிய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தலையிட்டு, பந்தயம் நடக்கட்டும், எல்லாத் தெருவும் ஓட்டட்டும், நானே வந்து கொடி அசைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை தெற்குத் தெருவிலிருந்து யாரும் ஓட்டியதில்லை. வண்டிக்காரர் பெயர் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்தார் என்பதைவிட, தெரு அவரைக் கொடுக்க வைத்தது என்று சொல்ல வேண்டும்.

போகிக்கு முந்தின நாள், ரைஸ் மில் களத்தில் கால் பார்த்தோம். சிமெண்டுக் களம், குளம்புச் சத்தம் துல்லியமாகக் கேட்கும். பனி அப்போதும் விலகவில்லை. களத்தின் அந்தக் கோடியில் நிற்கிற ஆள் வெறும் நிழலாகத்தான் தெரிந்தார். எனக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. மொத்தம் ஏழு குதிரை. ஆறாவதற்குள் மூன்று கூழாங்கல்லும் ஒரு எருக்கம்பாலும் பிடித்துவிட்டேன். ஆறாவது மிராசுதாருடைய வெள்ளைக் குதிரை. ஆள் ஓட்டி வந்தான், அது மூன்று காலில் வந்தது. நான் குனிந்து ரோமத்துக்குள் விரலை விட்டு, மயிர்க்கயிற்றை அறுத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"கம்பவுண்டர் தம்பி, பொல்லாத ஆளுய்யா நீ!" என்று மிராசுதார் வெற்றிலை வாயோடு சிரித்தார். நல்ல சிரிப்புதான் அவருக்கு. "சரி, எத்தனை?"

"நாலு."

"போடு போடு. யானை படுத்தாலும் குதிரை மட்டம். நாலு மூட்டையோடவே ஜெயிக்கும் பாரு."

கடைசியாக வண்டிக்காரர் வந்தார். பனிக்குள்ளிருந்து செவலை வந்தபோது எனக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. டக் டக் டக் டக் என்று, கடிகாரம் மாதிரி. காலையிலிருந்து நொண்டிச் சத்தமாகவே கேட்டுக் காது புளித்திருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. தலை ஆடவில்லை. திருப்பத்தில் தயங்கவில்லை. முதுகு மட்டும் வேர்த்துக் கறுத்திருந்தது. உடம்பிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, இப்படி வேர்த்திருக்கு?" என்று கேட்டேன்.

"வெயிலுங்க சார்" என்றார்.

நான் குனிந்து காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நொண்டுகிற குதிரையின் காலில்தானே திருட்டுத்தனம் இருக்கும்! கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பாருங்கய்யா, இத்தனை பேர்ல ஒரே ஒரு யோக்கியமான ஆளு!" என்று கத்தினேன். பின்பலகையில் நாலு கோடு போட்டேன்.

அவர் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு மூட்டை கொறைக்கக் கூடாதுங்களா?"

"ஏன்? கால்ல எதாச்சும் இருக்கா?"

பக்கத்தில் மிராசுதார் மயிர்க்கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் வண்டிக்காரர்.

"அப்புறம் என்னப்பா? நல்ல குதிரைக்கு நாலு மூட்டை. கொசுறு கேக்க இது என்ன கத்திரிக்கா வியாபாரமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பந்தயத்தன்று ரயில்வே கேட்டில், வண்டிகள் திரும்புகிற இடத்தில் நான் நின்றேன். ஒழுங்காகச் சுற்றித் திரும்புகிறார்களா என்று பார்க்க வேண்டும். கரும்பு கடித்துக்கொண்டு பெண்கள் ஒரு பக்கம், ஆற்றங்கரை மரங்களில் ஏறிக்கொண்டு விடலைகள் ஒரு பக்கம். வயலெல்லாம் கதிர் முற்றி மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. அறுக்கத்தான் ஆளில்லை. இதையெல்லாம் இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கில் கரும்புத் தித்திப்பு வருகிறது. அவ்வளவு நல்ல பகல் அது, வண்டிகள் கேட்டுக்கு வந்து திரும்புகிற வரைக்கும்.

தூரத்தில் புழுதி தெரிந்தது. முதலில் வந்தது செவலை! வெள்ளைக் குதிரை பத்து வண்டி தூரம் பின்னால். மரத்தின் மேலிருந்த தெற்குத் தெரு விடலைகள் போட்ட கூச்சலில் காக்கைகள் எல்லாம் எழும்பிவிட்டன. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். நடுவர் என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கேட்டைச் சுற்ற வேகத்தைக் குறைத்தபோது பார்த்தேன். வலது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் செவலையின் தலை மேலே போயிற்று. இடது கால் படும்போது கீழே வந்தது. மேலே, கீழே. குதிரை நொண்டுவதை அதன் காலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம்; தலையே சொல்லிவிடும். இது கூழாங்கல் இல்லை, மயிர்க்கயிறு இல்லை. உள்ளே எலும்பிலிருந்து வருகிற வலி.

"நிறுத்துய்யா! கால் போயிடும், நிறுத்துய்யா!" என்று கத்தினேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். சாட்டையை வண்டிக்குள் போட்டுவிட்டார். ஆனால் நிறுத்தவில்லை. மதகில் அவருடைய தெருவே நின்றுகொண்டிருந்தது.

யாருடையதோ சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் மிதித்தேன். வெள்ளை அவரைத் தாண்டிப் போயிற்று. அப்புறம் ஒன்று, இன்னொன்று, கடைசியில் ஒற்றைக்கண் குதிரைகூடத் தாண்டிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வழியில் இருந்த சின்னப் பாலத்தருகே அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் கணுவைப் பொத்திப் பிடித்திருந்தார். நானும் குனிந்து தொட்டேன். அடுப்பு மாதிரி கொதித்தது. அடியில் கல் மாதிரி பழைய வீக்கம். களத்தில் ஒரே ஒரு தடவை கையை வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

"மூட்டைய எறக்குய்யா" என்றேன்.

"எறக்கினா பந்தயத்துல இல்லைன்னு ஆயிடும்ல சார்."

"பந்தயம்தான் போயிடுச்சே!"

"போவட்டும் சார். கடைசியாத்தான் வந்தான்னு சொல்லட்டும். நடுவுல எறக்கிட்டு வந்தான்னு சொல்லக் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அவர் ஒரு சக்கரத்தைத் தோளால் தள்ளினார், நான் இன்னொரு சக்கரத்தைத் தள்ளினேன். செவலை சும்மா முன்னால் நடந்தது. நான் கோடு போட்டு ஏற்றிய நாலு மூட்டை மணலையும் நானே தள்ளிக்கொண்டு மதகுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே வெள்ளைக் குதிரைக்குச் சலங்கை கட்டி முடித்திருந்தார்கள். தெற்குத் தெரு ஜனங்கள் மட்டும் கலையாமல் நின்றார்கள். அவருடைய மனைவி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து குதிரையின் காலில் ஊற்றினாள்.

மிராசுதார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து காலைப் பார்த்தார். "அடடா, நொண்டிடுச்சே" என்றார். அப்புறம் வண்டிக்காரரைப் பார்த்து மெதுவாக, "அறுப்பு வருதுப்பா. வீட்டுல அருவா இருக்குல்ல?" என்றார்.

லைசென்ஸ் சோதனைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வில்லை போய்விட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் அவர் மிராசுதார் களத்துக்குத்தான் போய் நிற்க வேண்டும். பாரத்தில் "முடமா?" என்று ஒரு கேள்வி இருக்கும், அதற்கு எதிரே ஒரே ஒரு வார்த்தை நான் எழுத வேண்டும். ஊரே பார்த்துவிட்டது. பொய்யைப் பிடிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். என் அடி சறுக்கியதில் கால் ஒடிந்தது என்னவோ இன்னொருவருடையது.

சோதனையன்று ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். டாக்டர் வரவில்லை, மற்ற வண்டிகளும் வரவில்லை. செவலையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடத்திக் காட்டினார். காலை ஊன்ற முடியாமல் அது நொண்டியது. எதையும் அவர் மறைக்கவில்லை. சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"வாங்கினதுலேருந்தே இப்படித்தாங்க. காலைல எழுந்தா நொண்டும். ஒரு மைல், ரெண்டு மைல் வெறுமனே நடத்திட்டா சூடு ஏறிடும். அப்புறம் நாள் பூரா ஒண்ணும் தெரியாதுங்க. அதிகமாப் பாரம் வச்சு ஓட்டினாத்தான் மறுபடி வரும்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அன்றைக்குக் களத்தில் குதிரை வேர்த்து நின்றது. வெயில் என்றார். எந்த வெயில்? பனியில் ஆள் முகமே தெரியாத காலை அது. அவர் தெருவும் ரைஸ் மில்லுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில்தான். விடியுமுன்னே எழுந்து அந்தக் குதிரையைச் சூடு ஏறுகிற மட்டும் நடத்தோ நடத்தென்று நடத்திக் கூட்டி வந்திருக்கிறார். ஊரே நல்ல காலை நொண்டியாகக் காட்ட நின்றபோது, இவர் ஒருத்தர் நொண்டிக் காலை நல்ல காலாகக் காட்டியிருக்கிறார்.

நான் கத்தினேன். குற்றம் என் மேல் இருந்தால் எனக்குக் குரல் இன்னும் பெரிதாக வரும். "ஏன்யா சொல்லல? கேட்டேன்ல, கால்ல எதாச்சும் இருக்கான்னு? சொல்லியிருந்தா ஒரு மூட்டையோட விட்டிருப்பேனே! இந்த வாயில்லா ஜீவனுக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பந்தயத்துக்குக் கேக்குறவரு ஒருத்தரு, வில்லைக்கு எழுதுறவரு இன்னொருத்தருன்னா சொல்லியிருப்பேன் சார். ரெண்டு பேரும் நீங்கதானே."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ அதிகாரிகள் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார்கள். எதுவும் அப்படித் தைத்ததில்லை.

உள்ளே போய்ப் பாரத்தை எடுத்து வந்தேன். "உக்காருங்க" என்றேன். அதுவரை அவரை அப்பா, யா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை. நான் நின்றுகொண்டே எழுதினேன். முடமா என்ற கேள்விக்கு எதிரே, இல்லை என்று எழுதினேன்.

"கேளுங்க. ஒரு மாசம் சவாரி கிடையாது. தெனம் ரெண்டு வேளை இங்க கொண்டாங்க, ஒத்தடம் குடுத்துக் கட்டுப் போடுறேன். அப்புறமும் சூடு ஏறாம ஒருத்தரையும் ஏத்தக் கூடாது. ரெண்டு பேருக்கு மேல கூடாது. பாலத்து மேட்டுல நீங்க எறங்கி நடக்கணும். எந்த நாள் சூடு ஏறலையோ, அன்னிக்கு நீங்களே வந்து எங்கிட்ட சொல்லணும். நான் கண்டுபிடிக்கிற மாதிரி வைக்கக் கூடாது."

"சரிங்க" என்றார். வில்லையைத் திரும்பச் சட்டையில் குத்திக்கொள்ள அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏய்யா, இது நொண்டினதா ஊரே சொல்லுது. நீ இல்லைங்கிற?"

"நாலு மூட்டை மணல ஏத்தினா நானும்தான் நொண்டுவேன் சார். ஏத்தினது என் தப்பு."

"நீ புடிச்ச முயலுக்கு மூணு காலு" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் செய்தது சரிதானா என்று குதிரையைக் கேட்டால் என்ன சொல்லியிருக்குமோ, தெரியாது. அந்த மாசம் முழுக்க அவரும் மனைவியும் அதற்குப் புல்லுக்கு அலைந்தார்கள். கூலித் தகராறில் தங்கள் வரப்பில் புல் அறுக்கக் கூடாது என்று மிராசுதார்கள் சொல்லிவிட்டார்கள். ரயில்வே லைன் ஓரத்திலும் ஆற்றுப் படுகையிலும் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி அறுத்து வந்து ஆஸ்பத்திரி வேலிக்கு மேலே போட்டுவிட்டுப் போவார்கள். செவலை தின்னும். பெருக்குகிற வேலை எனக்கு.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த வண்டி ஓடியது. என் குவார்ட்டர்ஸ் ஆற்றங்கரைச் சாலையில் இருந்தது. தினமும் காலையில், நான் பல் துலக்குகிற நேரத்துக்கு அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார். வண்டி காலி. மழையானாலும் பனியானாலும் வண்டியில் அவர்கூட ஏறியிருக்க மாட்டார். மற்ற வண்டிகளுக்கு ஏதாவது மணியோ சலங்கையோ இருக்கும். இதற்கு ஒன்றும் இல்லை. அதனால் குளம்புச் சத்தம் அப்படியே கேட்கும். என் வாசலைத் தாண்டும்போது டக்… டக்டக்… டக் என்று தட்டுத் தடுமாறி இருக்கும். நான் வாயில் நுரையோடு நின்று கேட்பேன். பாலத்துக்குப் போவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டு, டக் டக் டக் டக் என்று ஒழுங்காகிவிடும். அதற்கப்புறம்தான் வாய் கொப்பளிப்பேன். அந்த ஊரில் நான் இருந்த வருஷங்களில் எனக்குப் பிடித்த நேரம் எது என்றால் அதுதான்.

ஒரு ஐப்பசிக் காலையில் சத்தம் பாலத்துக்கு அப்பாலும் சேரவில்லை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்து என் வாசலில் குதிரையை நிறுத்தினார்.

"இன்னிக்கு சூடு ஏறல சார்" என்றார். வில்லையைக் கழற்றி என் திண்டில் வைத்தார்.

"இனி என்ன செய்வீங்க? அறுப்புக்கா?" என்று கேட்டேன்.

"போவேங்க. மரக்கால் பேசிட்டாங்கல்ல, கூலிக்குப் போவேன். சாயங்காலம் கூலிய வாங்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடுவேன். பண்ணைக்குப் போவ மாட்டேன்" என்றார். "இது வீட்டுல நிக்கட்டும். அஞ்சு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டுச்சு."

காக்கிச் சட்டையை மட்டும் அவர் விடவில்லை. மாற்றலாகி நான் அந்த ஊரை விட்டு வரும்போது, வில்லை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டையோடு அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

எனக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வலது முழங்கால் போய்விட்டது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். வருஷத்துக்கு ஒரு முறை வந்து, என்னால் தனியாக இருக்க முடியுமா என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பான். முடியாது என்று பட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு கூட்டிப் போய்விடுவான், அங்கே பதினேழாவது மாடிக்கு. அதற்கு நான் தயாராக இல்லை.

போன மார்கழியில் வந்தான். விமானம் இறங்கி, திருச்சியிலிருந்து காரில் வர எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். விடியுமுன்னே எழுந்து, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கோயில் குளத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். முதல் சுற்றில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு. இரண்டாவதில் விட்டுவிட்டு. மூன்றாவதில் கால் ஒழுங்காக விழுந்தது. கார் வந்து நின்றபோது நான் வாசற்படியில் விறைப்பாக இறங்கிப் போய் அவன் பெட்டியை வாங்கினேன்.

அவன் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தான். தெருவில் எதிர்வீடு தெரியாத பனி.

"என்னப்பா, இப்படி வேர்த்திருக்கு?" என்றான்.

"வெயில்டா" என்றேன்.